மூட்டை அறையில் ஒலிப்பதிவு

ஹெட்போனைக் காதில் மாட்டினால் ஏலக்காய் வாசனை.

போன வாரம், பதிவு செய்ததைக் கேட்கலாம் என்று மாட்டினேன். பஞ்சுக்குள் எப்படியோ ஏறி உட்கார்ந்திருந்தது. பச்சையாக, கொஞ்சம் காரமாக... மழை விட்டதும் போடிமெட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தினால் முகத்தில் மோதுமே, அதே வாசனை. கண்ணை மூடினால் செல்வராஜ் வீட்டு மாடி அறை. அந்த நினைப்பு இப்போது இனிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் வசன கவிதைகளை என் குரலிலேயே கேட்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வாங்கிவிட்டேன், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேச வேண்டும். நேராக வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் பட்டாசு வெடிக்கும். அதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன் — மனைவி அமுதாவிடம் திட்டு வாங்கினேன். ஆனாலும் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரியே கேட்டது. வெறும் சுவர், சிமெண்டுத் தரை. சுவர்களுக்குக் கவிதை பிடிக்காது போலிருக்கிறது. சொன்னதை அப்படியே திருப்பி அனுப்பின.

சுற்றிலும் மெத்தென்று ஏதாவது இருந்தால் எதிரொலி அடங்கும். மற்ற ஊர்க்காரர்கள் கம்பளிக்குள் புகுந்துகொண்டு பேசுவார்களாம். போடிக்காரனுக்கு என்ன தோன்றும்? ஏலக்காய் மூட்டை.

எதிர்வீட்டு செல்வராஜ் ஏலக்காய் வியாபாரி. மாடி அறையில் கூரையைத் தொடுகிற மாதிரி மூட்டைகள். அமுதாவைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் மாப்பிள்ளை. போய்க் கேட்டேன்.

"என்ன மாப்ளே, ஏலக்காய்க்குக் கவிதை படிச்சுக் காட்டப் போறியா? வெல ஏறுமா?"

"வாசம் போகாம இருந்தாச் சரி மச்சான்."

சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுப் பாதிக் கவிதைகளைப் படித்தேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்டது.

மீதியைப் பதிய, சில வாரம் கழித்து மறுபடி போனேன். அதே அறை, அதே மூட்டை வரிசை, அதே நாற்காலி. வீட்டுக்கு வந்து கேட்டால்... முதல் பாதியில் காதோரமாகப் பேசுகிறேன். இரண்டாம் பாதியில், பந்தி முடிந்து எல்லோரும் போய்விட்ட கல்யாண மண்டபத்தில் நின்று பேசுகிறேன்.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். பிறகு பேட்டரியை. பிறகு என் தொண்டையை. கடைசியில்தான் அந்த மூட்டைகளை. முன்வரிசை இருந்தது, சரி. அதற்குப் பின்னால்?

எட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் அடுத்தவர் மூட்டையை எண்ணக் கூடாது. யாரிடம் எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்பது அவரவர் ரகசியம். வியாபாரி வீட்டு மாடிக்குத் தலையைக் குனிந்துகொண்டு போவோம், குனிந்துகொண்டே வருவோம். கண்ணுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. காதுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவர் சரக்கு, அவர் விற்றார், உனக்கென்ன? — இதுதானே உங்கள் கேள்வி? எங்கள் கட்டிலுக்கடியிலும் இரண்டு மூட்டை கிடக்கிறது. அமுதாவின் அம்மா வீட்டுத் தோட்டத்தில் அவள் பங்குக்கு வந்தது. மகளை மதுரையில் ஹாஸ்டலில் சேர்க்க அதைத்தான் நம்பியிருக்கிறோம். ஏலத்துக்கு அனுப்பப் போனவளைத் தடுத்தவர் செல்வராஜ்தான். "பொறு தங்கச்சி, வெல ஏறும். நானே விக்காம வச்சிருக்கேன்ல?"

இரண்டு பதிவையும் அமுதாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"மெஷின் கோளாறா இருக்கும். அண்ணன் அப்படியெல்லாம் செய்யாது."

"பெறகு ஏன் எதிரொலிக்குது?"

"உங்க கவிதை அப்படி."

சொன்னாளே தவிர, கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கடியில் குனிந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சந்தேகம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது நீண்டுவிடுகிறது. எதிர்வீட்டு வாசலில் லோடு வண்டி நின்றால் என்ஜின் சத்தத்தை வைத்து எடை போடுகிறேன். செல்வராஜ் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை வரிசை காலி என்று யோசிக்கிறேன். துல்லியமாகக் கேட்க ஆசைப்பட்டது என் குரலை. இப்போது அதைத் தவிர மற்ற எல்லாமே துல்லியமாகக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். "கவிதையெல்லாம் எப்பிடி வந்திருக்கு மாப்ளே?"

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். முதல் பாதிக்குக் கண்ணை மூடித் தலையாட்டினார். இரண்டாம் பாதி தொடங்கியது. தலையாட்டல் நின்றது. ஏலக்காயைக் காதோரம் குலுக்கியே உள்ளிருக்கும் விதை, அந்த ஏலரிசி, எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்கிற ஆள்; அவருக்கு நான் விளக்க வேண்டுமா? கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

அமுதா காப்பியோடு நின்றாள். வாங்கி, டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தேன் எறக்குனேன். நான் விக்கிறது தெரிஞ்சா ஊரே கொண்டுபோய்க் கொட்டும். அப்பறம் வெல என்னத்துக்கு ஆகும்?"

"எங்க ரெண்டு மூட்டையிலயா அண்ணே ஊரு வெல எறங்கிரும்?"

அமுதா சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். கேட் வரைக்கும் கூடவே போனேன். கொக்கியில் கையை வைத்தபடி திரும்பாமலே சொன்னார்:

"தங்கச்சிய அந்த ரெண்டு மூட்டையையும் நாளைக்கே வெரசா ஏலத்துக்கு அனுப்பிரச் சொல்லு. பெறகு... இனிமே கவிதைய உன் வீட்டுலயே படி மாப்ளே."