லாரிக்கு முன்னால் நடந்த கிளீனர்

நான் பாடம் நடத்தும் வகுப்பில் ‘கிளீன்’ என்றால் என்ன என்று கேட்டால் போதும், கேள்வி முடியும் முன்பே ‘சுத்தம்’ என்று கூரை அதிரக் கத்துவார்கள். ‘கிளீனர்’ என்றால் யார் என்று கேட்டால்தான் வம்பு. பாதிப் பேர் சுத்தம் செய்கிறவர் என்பார்கள். அப்பனோ மாமனோ லாரியில் போகிற வீட்டுப் பிள்ளைகள் மட்டும், அதெல்லாம் இல்லை, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்தான் கிளீனர் என்று மல்லுக்கு நிற்பார்கள். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தச் சண்டையை ஏற்காட்டு மலையில், அவர்கள் வயதில், தன்னந்தனியாகப் போட்டவள் நான்.

எங்கள் ஊர் வெள்ளக்கடை. அப்பாவுக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, அதே எஸ்டேட் லாரியில் கிளீனர். அந்த வருஷம் இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார். டீச் செய்கிறவர் டீச்சர், சிங் செய்கிறவர் சிங்கர், கிளீன் செய்கிறவர் கிளீனர். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. சித்தப்பாவாவது, சுத்தம் செய்வதாவது! சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கும். குளிப்பதற்கு அவருக்கு நாளும் கிழமையும் வர வேண்டும். அவர் பார்த்துக்கொண்ட லாரியின் பின்பக்கத்தில் சேறு அப்பி, அதில் புல்லே முளைத்திருந்தது.

எதற்குச் சிரிப்பு என்று டீச்சர் கேட்டார், சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். “அப்பறம் ஏன் அவருக்கு அந்தப் பேரு? விசாரிச்சுட்டு வந்து சொல்லு கண்ணு” என்றார். ஒரு டீச்சர் தனக்குத் தெரியாததை என்னிடம் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் அப்பாவிடம் போனேன். லாரியைக் கழுவத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள், உன் சித்தப்பன் கழுவாதது உன் சித்தப்பன் குற்றம் என்று முடித்துவிட்டார். சித்தப்பா போகிற லாரியின் டிரைவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் கொஞ்சம் பொறுமைசாலி. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடியதாம். பஸ்ஸின் முதுகில் ஒரு பீப்பாய், அதற்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். விடியற்காலையில் சாம்பலை அள்ளிக் கொட்டி, குழாய்களைத் துடைத்து, புதுக் கரி போட்டு, மூச்சு முட்ட விசிறியைச் சுற்றி நெருப்பை எழுப்ப ஓர் ஆள் வேண்டும். அவன்தான் கிளீனர். “கரி போயிருச்சு, சாம்பலும் போயிருச்சு. பேரு மட்டும் வண்டிய உட்டு எறங்கவே இல்ல சாமி” என்றார். பஸ்ஸுக்கு முதுகில் அடுப்பு இருந்தது என்பதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன்.

கடைசியாகச் சித்தப்பாவையே கேட்டேன். அவர் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். “உங்கம்மா ஆக்கறதப் பூரா கிளீனா காலி பண்றேன்ல, அதுக்குத்தான்” என்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

இப்போது நினைத்தால், விளையாட்டாகச் சொன்னவர்தான் அகராதிக்குப் பக்கத்தில் போயிருக்கிறார். மிச்சம் மீதி இல்லாமல், முழுசாக என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. ‘கிளீனா மறந்துட்டேன்’ என்று நாமே சொல்லவில்லையா? இன்னும் பின்னால் போனால், அழுக்கு நீக்குவது என்பதற்கும் முன்னால் அதற்குப் பளிச்சென்று தெரிவது, தெளிவானது என்றெல்லாம் பொருள் இருந்ததாம். ஜெர்மன் மொழியில் அதனுடைய உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. அது பளபளப்பு, நேர்த்தி, நுணுக்கம் என்று படிப்படியாக இறங்கி, இன்றைக்குச் ‘சின்னது’ என்ற பொருளில் வந்து நிற்கிறது. இதைப் படித்த நாளில் எனக்குச் சின்ன அப்பாவின் ஞாபகம்தான் வந்தது, வேறு என்ன வரும்!

அந்த ஐப்பசியில் என் தாய்மாமனுக்குச் சேலத்தில் கல்யாணம். அப்பா முன்னாலேயே போய்விட்டார். நானும் அம்மாவும் காலை பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். ராத்திரியெல்லாம் பெய்த மழையில் பஸ் வரவில்லை, எஸ்டேட் லாரிதான் வந்தது. பின்னால் சில்வர் ஓக் மரத்துண்டுகளை உச்சிவரை ஏற்றியிருந்தார்கள். சித்தப்பா குதித்து இறங்கி, “ஏறுங்க அண்ணி, தாலி கட்டறதுக்குள்ள கொண்டுபோய் எறக்கறோம்” என்று எங்களை முன்னால் ஏற்றினார். அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அவளுடைய கூறைச்சேலை, அரக்குச் சிவப்புப் பட்டு. மாமன் வீட்டில் போய்க் கட்டிக்கொள்ள எடுத்து வந்தது. அந்தச் சேலையை நான் ஒரு விரலால் தொட வேண்டும் என்றாலும் கை கழுவிவிட்டு வரச் சொல்வாள்.

ஏற்காட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியபோது மூடுபனி வந்தது. எனக்கு மூடுபனி புதிதில்லை. மலையில் பிறந்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, வரும், போகும். அன்றைக்கு வந்தது வேறு. முதலில் மரங்கள் போயின, பிறகு ரோட்டோரச் சுவர், பிறகு ரோடு. கண்ணாடிக்கு வெளியே பால் போல வெள்ளை, அதில் லாரியின் மூக்கு மட்டும் மிதந்தது. லைட்டைப் போட்டால் இன்னும் வெளுத்தது.

மலை இறங்குகிற வண்டியைக் கியரில் பிடித்து இறக்க வேண்டும், பிரேக்கை நம்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகிறது. டிரைவர் மாமா அழுத்தி அழுத்தி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசம் வந்தது.

“பிரேக்கு காஞ்சு போச்சுடா தம்பி. காலு உள்ள போவுது, வண்டி நிக்க மாட்டீங்குது” என்றார் மாமா.

“ஓரங்கட்டீரலாமாங்ணா?”

“எங்கடா ஓரம் தெரியுது? நடுவுல நின்னா பின்னாடி வர்றவன் மேல ஏத்தீருவான். மெல்ல எறக்கித்தான் ஆகோணும்.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைத் திறந்து குதித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்று, “என்னயப் பாத்து வாங்ணா!” என்றார்.

துண்டு வெள்ளை. லாரிகளுக்கு வழி காட்டத் துண்டை வீசியே பழகிய கை, அன்றைக்கு மலையே வெள்ளையாக இருப்பதை யோசிக்கவில்லை. நாலு எட்டு வைத்ததும் ஆளைக் காணோம். “டேய், எங்கடா இருக்க?” என்று மாமா அலறினார். “முன்னாலதானுங்ணா நிக்கறேன்!” என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. மாமா பிரேக்கை மாறி மாறி மிதித்து, லாரி முனகிக்கொண்டு நின்றபோது, சித்தப்பாவின் கை கண்ணாடிக்கு நேர் கீழே பானெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மா துணிப்பையை அவிழ்த்தாள். கூறைச்சேலையை எடுத்து, மடிப்போடு ஜன்னல் வழியாக நீட்டினாள். “தம்பி, இதக் கட்டிக்குங்க.”

“அண்ணி, பட்டுங்க.”

“கட்டுங்க சொல்றேன்!”

சித்தப்பா அதைத் தோளிலிருந்து முதுகு நிறையத் தொங்கவிட்டு, இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டார். கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் வழி தவறி மலைக்கு வந்துவிட்டது போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் திரும்பி நடக்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வானமும் இல்லை, பூமியும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை, அதற்கு நடுவே ஒரு சிவப்பு மட்டும் நடந்து போகிறது, அதன் பின்னால் மலை மாதிரி மரம் ஏற்றிய லாரி பசுமாடாக அடங்கிப் போகிறது. அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

“வரலாம்... வரலாம்... லெஃப்ட்டு ஒடிங்க... வரலாம்...” என்று அவர் குரல் கோவிலில் ஓதுவது போல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மழையில் ஒடிந்த கிளை ஒன்று குறுக்கே கிடந்தது. இழுத்து ஓரத்தில் எறிந்தார். உருண்டு கிடந்த கல்லைக் காலால் உந்தித் தள்ளினார். ஆகா, டீச்சருக்கு விடை கிடைத்துவிட்டது, இவர் லாரியை அல்ல, ரோட்டைத்தான் கிளீன் செய்கிறவர் என்று எனக்குள் துள்ளிக்கொண்டேன். கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. சித்தப்பா அதன் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது எழுதாத சட்டம். அன்றைக்கு அந்த பஸ் ஒரு பட்டுச்சேலைக்குப் பணிந்து வளைவிலேயே ஒதுங்கி நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். இவர் என் சித்தப்பா என்று அத்தனை தலைகளுக்கும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

டிரைவர் மாமா மட்டும் திட்டிக்கொண்டே வந்தார். “மலப் பக்கமா நடடா! பள்ளத்துப் பக்கம் போவாத! சொன்னாக் கேளுடா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். சித்தப்பா காதிலேயே வாங்கவில்லை. ஒரு வளைவு வரைக்கும் இடது ஓரம், வளைவு திரும்பியதும் லாரிக்குக் குறுக்கே ஓடி வலது ஓரம், அடுத்த வளைவில் மறுபடி இடது. கண்ணாமூச்சி ஆடுகிறார் என்று எனக்கு ஒரே குதூகலம். ஒவ்வொரு தடவை அவர் குறுக்கே ஓடும்போதும் நான் கை தட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. நானும் இறங்கி நடக்கிறேன் என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டேன். “உள்ள உக்காரு!” என்று சித்தப்பா போட்ட அதட்டலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை அவர் என்னை அதட்டியதே இல்லை.

அடிவாரம் நெருங்க நெருங்கப் பனி கிழிந்தது. ஒரு புளியமரம் தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, வெயில் தெரிந்தது. சித்தப்பா ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார். டிரைவர் மாமா இறங்கினார், இரண்டு எட்டு வைத்தார், அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா சேலையை அவிழ்த்து மடிக்கத் தெரியாமல் சுருட்டிக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் சேறு, தலைப்பில் முள் கிழித்திருந்தது. “அண்ணி, நொம்பப் பாழாக்கிட்டேனுங்க” என்றார். அம்மா அதை வாங்கி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். சேலை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதட்டியதற்குப் பழி வாங்க இதுதான் சமயம் என்று பட்டது. “ஏம்மா, மாமா அத்தன தடவ கத்துனாரு. சித்தப்பா பேச்சக் கேக்கவே இல்ல பாத்தியா?” என்று கோள் மூட்டினேன்.

அம்மா சேலையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “கேக்காத போனாரே, அந்த மகராசன்” என்றாள்.

திட்ட வேண்டியவள் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு விளங்கவே இல்லை. பின்னால் நானே ஸ்கூட்டர் ஓட்டக் கற்று, ஒரு பனிக்காலையில் அதே ரோட்டில் இறங்கியபோதுதான் விளங்கியது. மலைப் பக்கம் நடந்திருந்தால், லாரி பிடி விட்டாலும் அந்த நொடியே அவர் பாறையில் தாவி ஏறித் தப்பித்திருக்கலாம். ஆனால் பாறை எங்கே இருக்கிறது என்று தெரிந்து டிரைவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ரோடு எங்கே முடிகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறும். வளைவுக்கு வளைவு, பிரேக் பிடிக்காத அந்த லாரியின் முகத்துக்கு நேரே குறுக்கே ஓடி, பள்ளம் தொடங்குகிற இடத்தில் போய்த் தன்னைத்தான் நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர். நான் கை தட்டிக்கொண்டு வந்தேன்.