ஜெர்மன் பாட்டும் கன்னையனும்

கன்னையனைச் செவிடன் என்று சொல்லாதவர்கள் எங்கள் கம்பெனியில் யாரும் கிடையாது. நானும் சொன்னவள்தான். பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டி, நாற்பது வயதுக்குள் இரண்டு காதையும் தறிக்கே கொடுத்துவிட்டு வந்த மனுசன். இனித் தறிப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு, பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்குப் பெட்டி கட்ட வந்து சேர்ந்தார். அவர் மனைவி மயிலாத்தாள் அதே ஹாலில் செக்கிங்கில் இருந்தாள், எனக்குப் பக்கத்து டேபிள். தைத்து வந்த பீஸை விரித்து ஓட்டை, கறை, பிசிறு பார்ப்பது எங்கள் வேலை. எங்களுக்கு நேர் எதிரே, ஹாலின் கடைசியில், அவர் அட்டைப் பெட்டிகளோடு நிற்பார். பேசமாட்டார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஆள் நல்ல வாட்டசாட்டம், வாயில் மட்டும் பூட்டு.

முன்னால் அப்படி இல்லையாம். மயிலாத்தாள்தான் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல ஓயாமப் பேசுவாருங்கக்கா. காது போன பொறவு தன்ற சத்தம் தனக்கே தெரியறதில்ல. ஒரு சீர்ல பக்கத்து எலைக்காரர்கிட்ட ரகசியமாச் சொல்றதா நெனச்சுட்டு, 'ரசத்துல உப்பே இல்லீங்க'ன்னாரு. பந்தலே திரும்பிப் பாத்துச் சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அன்னைக்கு மூடுன வாய்ங்கக்கா. இன்னும் தொறக்கல."

"நீ பேச வெக்கலாமல்ல?"

"எப்படி? சோறு போடட்டுமான்னு நான் கேட்டா தெருவுக்கே கேக்குது. அவரு தலைய ஆட்டுவாரு, அவ்வளவுதான். என்ற தொண்டைதான் போச்சு."

கத்திக் கத்தி ஓய்ந்துபோய், கடைசியில் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சமைக்கும்போது அவர் முன்னாலேயே, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் சங்கைத் தினமும் ஊதிக்கொண்டிருந்தாள். குழந்தையும் இல்லை. கல்லோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அவள் சொன்னால் நானும் சேர்ந்து அவரைத் திட்டுவேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கோடையில் ஒரு நாள் டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். மூலனூரில் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் அவள் அண்ணன், வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டானாம். கையிலிருந்த ஷிப்மென்ட் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய்விடப் போகிறாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

"அவருகிட்டச் சொன்னியா?" என்றேன்.

"சொன்னா மட்டும் கேக்கவா போகுது?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ரசிக்கவில்லை.

அந்த ஷிப்மென்ட்தான் ஜெர்மன் பாட்டுக் கோஷ்டியுடையது. நீளமாக முடி வளர்த்த ஐந்து பையன்கள் முதல்முதலாக ஒரு கேசட் போட்டிருக்கிறார்களாம். அவர்கள் பாடப்போகும் ஊர்களில் விற்பதற்குக் கறுப்பு டி-ஷர்ட். கேசட் அட்டையில் இருந்த படமே நெஞ்சில் பிரிண்ட். பனி மூடிய மலை, நீல நிலா, மலைக்கு மேலே சிறகு விரித்துப் பறக்கும் வெள்ளைக் குதிரை. கலர் சரிபார்க்க வேண்டி அந்தக் கேசட்டையும் பார்சலில் வைத்து அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் தண்டாயுதபாணி, பார்த்த பிறகு சும்மா வைக்காமல், ஆயுத பூஜைக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டார்.

அட சாமி! ஹாலின் தகரக் கூரை அதிர்ந்தது. டிரம் அடிக்கிறானா, மலையை உருட்டுகிறானா தெரியவில்லை. பத்துப் பேர் சண்டைக்கு ஓடுவது மாதிரி கிட்டார். அதற்கும் மேலே ஒருத்தன் அலறுகிறான் பாருங்கள், தேள் கொட்டினால்கூட அப்படி வராது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினோம். திட்டியது எங்களுக்கே கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பேச்சு நின்றதும் வேலை வேகமாக ஓடுவதை முதலாளி பார்த்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். எங்கள் முதலாளிக்கு ஜெர்மனியிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது. ஷிப்மென்ட் முடியும்வரை காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே கேசட், அதே சத்தம்.

இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் என்ன ஆனதோ, அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஓர் அமைதி வந்தது. யாரும் யாரோடும் பேச முடியாதபோது அவரவர் தனியாக எங்கோ போய்விடுகிறோம். ஜன்னல் வெயிலில் பஞ்சு மெதுவாக மிதக்கும். ஒரு பீஸை விரிப்பேன், குதிரை பறக்கும். மடித்து வைத்து அடுத்ததை விரிப்பேன், அதே குதிரை இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிற மாதிரி இருக்கும். வேலை நகர்வதே தெரியாது. நான் பார்த்திராத பனி என் காலடியில் கிடக்கும். நடுவில் ஒரு பாட்டு மட்டும் மெதுவாகத் தொடங்கும், ஒற்றைக் கிட்டார், தூறல் விழுகிற மாதிரி. அப்போது அந்த அலறுகிற பையனே தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பான். என்ன கேட்கிறான் என்று தெரியாமலே எனக்கு ஒரு தரம் கண் கலங்கிவிட்டது. பிறகு கும்பலாக எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். மிதக்கும் பஞ்செல்லாம் பனியாகிவிடும், ஹாலோடு சேர்ந்து நாங்களும் கிளம்பிப் போய்க்கொண்டிருப்போம்.

ஆனால் அந்தப் பாட்டை முதல் நாளே ரசித்தவர் ஒரே ஆள், கன்னையன். காலி அட்டைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி நிற்பார். பெட்டி அதிர்வது அவர் கையில் ஏறும். மற்றவர்களுக்குக் காது வெடிக்கிற சத்தம் அவருக்கு எங்கோ தூரத்துப் பாட்டாகக் கேட்டிருக்க வேண்டும். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மயிலாத்தாளுக்கோ ஆத்திரம் பொங்கியது. டீ நேரத்தில் என்னிடம் வெடித்தாள்.

"கட்டுனவ கத்துனது கேக்காத காது, எவனோ ஜெர்மன்காரன் கத்தறது மட்டும் கேக்குதாக்கா? நான் போயிட்டா இதையே கட்டிட்டு அழட்டும்."

சனிக்கிழமை வந்தது. கடைசிக் கட்டு பீஸ் டேபிளுக்கு வந்தபோது வெயில் சாய்ந்து, மஞ்சள் வெளிச்சம் ஹால் முழுக்கப் படுத்திருந்தது. கேசட் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் பிசிறு வெட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். ஒரு கை தூரத்தில் நின்ற எனக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"நாளைக்கு இந்நேரம் நான் மூலனூர்ல இருப்பேன். ஊட்டுச் சாவி உரியில இருக்குது. உங்களுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்."

எதிரே பெட்டி கட்டிக்கொண்டிருந்த கன்னையனின் கை நின்றது. கயிற்றைப் போட்டுவிட்டு நடந்து வந்தார். டேபிள்களுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல், நேராக அவளை நோக்கி. அவர் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை நாள் மூடிக் கிடந்த வாய் திறந்து என்னவோ கொட்டிக்கொண்டு வருகிறது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைய அசைய, ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பையன் குரல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கனவு மாதிரி இருந்தது, இவர்தான் அதைப் பாடுகிறாரோ என்று. இந்தச் சத்தத்தில் தன் குரல் எவர் காதிலும் விழாது என்ற தைரியத்தில்தான் அவர் வாயைத் திறந்திருக்கிறார்.

டக்கென்று கேசட் ஒரு பக்கம் முடிந்து நின்றது.

"போகாதே மயிலா! நீ போயிட்டா என்னைத் திட்டறதுக்குக்கூட ஆள் இல்ல புள்ள!"

ஹால் முழுக்க அந்தக் குரல் போய் முட்டியது. கத்திரி எல்லாம் நின்றது. எங்கள் முகங்களைப் பார்த்ததும்தான் பாட்டு நின்றுவிட்டது அவருக்குப் புரிந்தது. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன்.

மயிலாத்தாள் கத்திரியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. எப்போதும் முணுமுணுப்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவள் உதட்டையே பார்த்தார். "தறி ஓடறப்ப அங்க எவனுக்குங் காது கேக்காது புள்ள. உதட்டப் பாத்துத்தான் பேசிக்குவோம்."

"அப்படின்னா ஊட்டுல நான் சொன்னதெல்லாம்?"

"எல்லாந் தெரியும்."

"பஸ்ஸுல சொன்னது?"

"தெரியும்."

நான் அந்த ஹாலில் வைத்து அவரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

"இத்தன வருசமா ஏனுங்க சொல்லல?" மயிலாத்தாளின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"தெரியும்னு தெரிஞ்சா நீ வாய மூடிக்குவே. திட்டறதாச்சும் பேச்சுத்தானே புள்ள. அதுவும் இல்லாமப் போனா எனக்கு என்ன இருக்குது?" என்றார். அவருக்கு அது ரகசியம். எங்களுக்கு அது பந்தல் அதிரும் சத்தம். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் கை வாய்க்குப் போயிற்று. இன்னும் ஏதோ சொல்ல இருந்தது, அத்தனை முகங்களுக்கு நடுவே அது வெளியே வரவில்லை.

மயிலாத்தாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அவரை ஒட்டி நின்றாள். தண்டாயுதபாணி ஸ்பீக்கர் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சூப்பர்வைசரைப் பார்த்துத் திரும்பி, தெருவுக்கே கேட்கிற அந்தப் பழைய தொண்டையில் சொன்னாள்.

"சார், கேசட்டத் திருப்பிப் போடுங்க. இன்னும் சத்தமா வைங்க. நாங்க பேசி முடிக்கல."