இரண்டு பேர் வண்டி

கார் வாங்கப் போகிறேன் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், கிட்டங்கியில் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பினாங்கில் எங்கள் செட்டிமார் தொழில் செய்த நீளமான கட்டடத்துக்குத்தான் கிட்டங்கி என்று பெயர். பகலில் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொழில் பார்ப்போம். ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்வோம். சமைத்துப் போடுகிறவரும் ஆண்தான். பெண்வாடையே கிடையாது. ஒருவன் பெருமூச்சு விட்டால் கடைசிப் பெட்டியிலிருந்து, "என்னப்பா, ஊர் ஞாபகமா?" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியமாகக் கார் வாங்க முடியுமா?

பக்கத்துப் பெட்டிக்காரருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. வாயோ ரொம்பக் கூட. "மூடின வண்டியா வாங்கும் ஓய். வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். நாங்க நாலு பேரு தண்ணிமலைக் கோயிலுக்குப் போகவும் ஆகும்," என்றார். அவர் கவலை அவருக்கு.

என் கண் வேறொன்றின்மேல் விழுந்து பல மாதம் ஆகியிருந்தது. நார்தாம் ரோட்டுப் பக்கம் ஒரு கார்க் கடையில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அது நின்றது. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, உயரம் கம்மி. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் மட்டும் உண்டு. தோல் இருக்கை முன்னால் இரண்டே இரண்டு. அதை முதல்முறை பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள். இருபத்துநாலு வயதில் உங்களுக்கும் ஏதோ ஒன்றைப் பார்த்துச் சோறு இறங்காமல் இருந்திருக்கும்.

கடையில் விற்பனைக்கு நின்றவர் பினாங்கிலேயே பிறந்த தமிழர். நல்ல மனுசர். எனக்கு எது பொருந்தும் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

"செட்டியார், சொன்னா கேளுங்க லா. அந்தப் பெரிய கெரேத்தா எடுத்துக்குங்க. அஞ்சு பேர் போகலாம், சாமான் ஏத்தலாம். இந்தச் சின்ன வண்டி தோட்டத்துத் துரைமார் பந்தயம் ஓட்டுறதுக்கு."

"இதில் இரண்டு பேர்தானே உட்கார முடியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டே பேர்தான்."

"அப்படியென்றால் இதுதான் வேண்டும்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வேகத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். வேகம் யாருக்கு வேண்டும்?

எனக்குக் கல்யாணமாகி ஓராண்டு முடிவதற்குள் கப்பலேற்றிவிட்டார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போகிறவன் தனியாகத்தான் போகவேண்டும். பெண்டாட்டி ஊரில் இருப்பாள். மூன்று வருசக் கணக்கு முடிந்தால்தான் முகம் பார்க்கலாம். அது எங்கள் வழக்கம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் இருந்த அந்த ஓராண்டில் அவளோடு நான் எங்கே இருந்தேன்? எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடந்தது. அதில் சின்ன அறை ஒன்று எங்களுக்கு. பகலில் பெரியவர்கள் எதிரே அவள் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. நான் ஆண்கள் உட்காரும் பட்டாலையில் இருந்தால் அவள் பெண்கள் புழங்கும் இரண்டாங்கட்டில் இருப்பாள். சாப்பாடு போட வந்தால் இலையைப் பார்ப்பாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தில் எதையாவது சேர்ந்து பார்த்தோமா என்றால், மணவறையில் பார்த்த புகையைத்தான் சொல்லவேண்டும். ஊருக்குக் கடிதம் போட்டாலோ, என்னைப் பெற்ற அப்பச்சி அதை நடு வீட்டில் உரக்கப் படிப்பார். அதில் அவளுக்கென்று ஒரு வார்த்தை எழுத முடியுமா? சுகம், சுகத்துக்கு எழுதவும். அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த இரண்டு இருக்கைகளைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஆனது. மாமா உட்காரமாட்டார், சித்தப்பா உட்காரமாட்டார், உட்கார இடமே கிடையாது. நான், என் பக்கத்தில் அவள், முன்னால் கடற்கரை ரோடு. என்றாவது அவள் இங்கே வந்தால்! அந்த 'என்றாவது' என்ற சொல்லை வைத்துக்கொண்டே அந்தக் கடை வாசலில் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் அப்பச்சியின் கடிதம் வந்தது. ஆத்தாவுக்குத் தண்ணீர்மலை முருகனிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறதாம், தைப்பூசத்துக்கு வருகிறாளாம், துணைக்கு மருமகளும் வருகிறாளாம், பங்குனியில் திரும்புவார்களாம். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டங்கியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "பெட்டிக்காரருக்குப் பேய் பிடிச்சிருச்சு," என்றார் பக்கத்துக்காரர். மறுநாள் காலையில் போய் வண்டியைப் பேசி முடித்தேன்.

விற்பனைக்காரர் வண்டியின் முதுகில் இருந்த ஒரு பிடியைத் திருப்பித் தூக்கினார். மூடி திறந்து சாய்மானமாக நின்றது; உள்ளே ஒரு சிறிய இருக்கை. இன்றைக்கு டிக்கி என்றால் சாமான் போடுகிற இடம். அன்றைக்கு இந்த மாதிரி வண்டிகளில் அதற்குள் ஆள் உட்காருவார்கள், மேலே வானத்தைத் தவிர வேறு கூரை இல்லாமல்.

"மூணாவது ஆள் வந்தா இங்க உக்காரலாம்."

"மூன்றாவது ஆள் வரப் போவதில்லை."

"பின்னால பாக்குற கண்ணாடி ஒண்ணு மாட்டித் தரவா? முன்னால உக்காந்தபடியே பின்னால வர்றது தெரியும்."

"எனக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது? வேண்டாம்."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை. ஆத்தா வருகிறாள் என்று கடிதத்தில் முதல் வரியே சொல்கிறது. அந்த ஆத்தா எங்கே உட்காருவாள் என்று ஒரு நிமிசம் யோசித்தேனா? என் மனக்கணக்கில் ஆத்தா கோயிலில் இருந்தாள், வீட்டில் இருந்தாள், வண்டியில் மட்டும் இல்லவே இல்லை. முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நாகப்பட்டினத்துக் கப்பல் வந்த அன்று வண்டியைத் துடைத்து, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆத்தா இறங்கி வந்தாள். பின்னால் அவள். கப்பலில் வாந்தியெடுத்து இளைத்திருந்தாள். கண்டாங்கிச் சேலை கசங்கியிருந்தது. தலை நிமிரவில்லை.

"ஆத்தா, உனக்கு ரிக்சா பேசி வச்சிருக்கேன். மெத்தை போட்ட ரிக்சா," என்றேன்.

ஆத்தா ரிக்சாவைப் பார்த்தாள். அதை இழுக்க நின்ற சீனரைப் பார்த்தாள். "மனுசன் இழுக்க நான் உக்காரவா? என் சென்மத்துக்கும் மாட்டேன்," என்றாள். அப்புறம் என் வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்பு, இது உன்னுதா!" என்றபடி நேரே வந்து, என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஆள் வந்துவிட்டாள். நான் போய் டிக்கியைத் திறந்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்கார்டில் ஒரு கால் வைத்து, சத்தமில்லாமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். கையைப் பிடித்து ஏற்றியிருக்கலாம். ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கடைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டச் சொன்னேன்.

எல்லாரையும்விட அந்த வண்டியை அனுபவித்தது ஆத்தாதான். டத்தோ கெராமட் ரோட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்று மணிக்கே தலைசீவித் தயாராகிவிடுவாள். "காத்தாடப் போவமா அப்பு?" தஞ்சோங் பூங்கா ரோட்டில் கடலோரம் போகும்போது, "இன்னுங்கொஞ்சம் வெரசா ஓட்டேன்," என்பாள். கியரைப் போட வேண்டுமென்றால் அவள் வெற்றிலைப் பையை ஒதுக்கித்தான் போட வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே அறை. புது ஊரில் தனியாகப் படுக்க ஆத்தாவுக்குப் பயம், மருமகளைப் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். நான் முன்கூடத்தில். மிச்சம் இருந்தது கண்ணாடி ஒன்றுதான்.

அந்தக் கண்ணாடியில் அவள் முகம் வெற்றிலை அளவுக்குத் தெரியும். காற்றில் முடி பிரிந்து நெற்றியில் அடிக்கும். நான் பார்க்கும்போதெல்லாம் அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது கடைகளை. ஒரு தரமாவது என்னைப் பார்க்கக்கூடாதா? கடல் எங்கே போய்விடப் போகிறது!

"என்னடா அப்பப்ப அண்ணாந்து பாக்குறே?" என்று ஆத்தா கேட்டாள்.

"பின்னால் வண்டி வருதான்னு பாக்குறேன்."

"முன்னால பாத்து ஓட்டு."

பூசம் கழிந்தது. வேண்டுதல் நிறைவேறியது. ஒரு சாயங்காலம் கடலோரத்தில் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவசரமாக நிறுத்திக் கித்தானை இழுத்து மாட்டினேன். அது முன்னிருக்கைக்குத்தான் காணும். டிக்கியில் இருந்தவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "நான் இருந்துக்கிறேன், நீங்க ஓட்டுங்க," என்றாள். ஆத்தாவும் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். இடம் எங்கே இருக்கிறது? ஓட்டினேன். கண்ணாடியில் கித்தானின் சின்னச் சன்னல் மட்டும் தெரிந்தது, அதுவும் நீர் வழிந்து மங்கியிருந்தது. அவள் இல்லை.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிக் கித்தானைப் பிடுங்கி மடக்கிவிட்டேன்.

"ஏய், கிறுக்கா! என்னடா பண்றே?" ஆத்தா கத்தினாள். மழை அவள் மடியில் கொட்டியது.

"அவ மட்டும் நனையறா. எல்லாரும் நனைவோம்."

அப்படியே ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம். ஆத்தா வழியெல்லாம் திட்டினாள். பாதி வழிக்குப் பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பி டிக்கியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

பங்குனி பிறந்தது. கப்பலுக்குப் புறப்படுகிற காலை. வாசலில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா தெருவில் போன ஒரு ரிக்சாவைக் கைதட்டி நிறுத்தினாள்.

"யாருக்கு ஆத்தா?"

"எனக்குத்தான். மூட்டையெல்லாம் இதுல வச்சுக்கிட்டு நான் முன்னால போறேன்." ஏறி உட்கார்ந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ அவளைக் கூட்டிக்கிட்டு மெல்ல வா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வாங்க."

மனுசன் இழுக்கிற வண்டியில் என் ஆத்தா போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதமாக அந்த இருக்கையில் நான் மனசுக்குள் உட்காரவைத்திருந்தவள் வாசற்படி இறங்கி வந்தாள். திறந்த கதவைத் தாண்டிப் பின்னால் போனாள். மட்கார்டில் கால் வைத்து டிக்கியில் ஏறினாள்.

"என்ன இது? ஆத்தாவே சொல்லியாச்சு. முன்னால வா," என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் விட்டது.

"இங்குனயே வாறேன்."

"ஏன், என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கலையா?"

அவள் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் நேராக என்னைப் பார்த்தாள். "பக்கத்துல உக்காந்தா நீங்க ரோட்டைப் பாப்பிய, நான் என் மடியைப் பாக்கணும். ஊரு பாக்குற இடத்துல தலையைத் திருப்பி உங்களைப் பாக்க முடியுமா? இங்குன இருந்தா அந்தக் கண்ணாடியில உங்க முகம் வருது. நீங்க ரோட்டைப் பாக்குறப்பயெல்லாம் நான் அதைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். இன்னைக்கும் பாத்துக்கிட்டே வாறேனே."

கதவைச் சாத்தினேன். ஆத்தாவின் ரிக்சாவுக்குப் பின்னால், சூலியா தெரு வழியாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அன்றைக்கு ரோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணாடிக்குத் திரும்பினேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

கப்பல் போய்விட்டது. அடுத்த வாரம் விற்பனைக்காரர் தெருவில் என்னைப் பார்த்து வண்டியருகே வந்து அங்கலாய்த்தார். "என்ன செட்டியார், டிக்கிய இப்பிடித் தொறந்து போட்டிருக்கீங்க? மழையில தோலு ஊறிக் கெடக்கு. மூடி வைங்க லா."

மூடினால் கண்ணாடியில் வெறும் தகரம்தான் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சரி, மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.