கூப்பிடாமல் போனவர்

வீரணனின் கோப்பு மாவட்ட அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது: "அழைப்பின்றிச் சென்றுள்ளார். பரிசீலிக்க இயலாது."

தேனி மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் அப்போது துணை வட்டாட்சியர். கோப்பு திரும்பி வருவது எனக்குப் புதிதல்ல. ஏதாவது கையெழுத்து விட்டுப்போயிருக்கும், சான்று விட்டுப்போயிருக்கும், அதை வாங்கி மறுபடி அனுப்புவோம். இந்தக் கோப்பில் எதுவுமே விட்டுப்போகவில்லை. எல்லாரும் உண்மையைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அதனால்தான் எனக்குத் தலைவலி.

வீரணன் தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் திராட்சை போட்டிருந்தவர். மீட்புப் பயிற்சி எடுத்து, அடையாள அட்டையும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் வாங்கிய தன்னார்வலர். கோடையில் மலையில் பற்றிய தீ தோட்டங்களை நோக்கி இறங்கியபோது, மருந்தடிக்கிற டேங்கில் தண்ணீரை நிரப்பி, டிராக்டரோடு போனார். தோட்டங்கள் தப்பின. புகையில் பாதை தெரியாமல் டிராக்டர் ஓடைக்குள் கவிழ்ந்து, அவர் தப்பவில்லை.

இப்படி இறக்கும் தன்னார்வலரின் குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. ஆணையில் அதற்கு நீளமான பெயர், நாங்கள் குடும்பப் பென்ஷன் என்போம். அதில் ஒரு நிபந்தனை: துறை அலுவலர் அழைத்ததன்பேரில் அவர் போயிருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார், "வீரணனை யாராவது கூப்பிட்டாங்களா?" மனைவி பேச்சியம்மாள் இல்லை என்றிருக்கிறார். தம்பி இல்லை என்றிருக்கிறார். வனக்காவலரும் "நான் அவரைக் கூப்பிடவில்லை" என்று எழுதியே கொடுத்துவிட்டார். போதாக்குறைக்கு ஊர் முக்கில் பிளெக்ஸ் வேறு: "யாரும் அழைக்காமலே ஓடிச் சென்ற மாவீரனே!" ஊரே கூடிப் பெருமை பேசி அந்த அம்மாளின் பென்ஷனைக் கவிழ்த்திருந்தது.

"கூப்பிடாமப் போனவருக்கு கவர்மென்ட் எப்படிம்மா பொறுப்பாகும்? க்ளோஸ் பண்ணிருங்க" என்றார் வட்டாட்சியர்.

"நேர்ல ஒருதடவை பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று கிளம்பினேன்.

பேச்சியம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. தொகை வராவிட்டால் மகளை நர்சிங் படிப்பிலிருந்து நிறுத்தித் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்புவது என்று முடிவே செய்திருந்தார். மகள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருமே கூப்பிடலையா?"

"இல்ல மேடம். அவுகளாத்தான் போனாக. நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும்னு சொல்லுவாக. கூப்பிட்டாத்தான் போற ஆளா அவுக?"

இதற்கு மேல் எதைக் கேட்பது? எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் வீரணனின் தம்பி டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"மதினி, நாளைக்கு மேலத்தெருக் காதுகுத்து. நான் மட்டும் போயிட்டு வந்துரவா?"

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குப் போற? வாட்சப்புல போட்டா ஆச்சா? இங்கன வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டாகளா? சொன்னாக, அம்புட்டுத்தான். சொல்றது கூப்பிடுறதாகுமா?"

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"பேச்சியம்மா, அன்னைக்குத் தீ எறங்குறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கோயில் மைக்குல சொன்னாக."

"என்ன சொன்னாக?"

"தீ தோட்டத்துப் பக்கம் எறங்குது, டேங்கு வச்சிருக்கவுக தண்ணியோட அங்கன வாங்கன்னாக."

"யார் சொல்லச் சொன்னது?"

"பாரஸ்ட் கார்டுதான். பூசாரி பக்கத்துல நின்னு சொல்லச் சொன்னாக. ஊருக்கே தெரியுமே!"

ஊருக்கே தெரிந்திருந்தது. கோப்புக்குத்தான் தெரியவில்லை. வனக்காவலரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். வீடு தேடிப் போய்ப் பேர் சொல்லி அழைத்தால்தான் அவருக்கும் அது கூப்பிடுவது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் ஆணையிலிருந்த சொல்லை எடுத்து அப்படியே கேள்வியாக நீட்டியிருந்தோம்.

அங்கேயே புது வாக்குமூலம் எழுதி வாசித்துக் காட்டினேன். பேச்சியம்மாள் பேனாவைத் தொடவில்லை.

"கூப்பிட்டதுனாலதான் போனாகன்னு எழுதுனா எனக்கு அந்தப் பணம் வேண்டாம் மேடம். மைக்குல சொல்லி முடியுமுன்னயே வண்டிய எடுத்துட்டாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கைக்கெட்டியது வாய்க்கு எட்டும் நேரத்தில் இது என்ன பிடிவாதம்? ஆனால் உள்ளறைக் கதவோரம் மகளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், அம்மா சொல்வதுதான் சரி என்பதுபோல. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்: "வனக்காவலர் கேட்டுக்கொண்டபடி கோயில் ஒலிபெருக்கியில் அழைப்பு விடுக்கப்பட்டது. அது முடியும் முன்பே வீரணன் டிராக்டரை எடுத்துவிட்டார்." கையெழுத்துப் போட்டார். வனக்காவலரும் பூசாரியும் அதே நாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வட்டாட்சியர் இரண்டு முறை படித்தார். "ரெண்டாவது வரி எதுக்கும்மா?"

"மொத வரி நமக்கு சார். ரெண்டாவது அவங்களுக்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை. பென்ஷன் ஆணை வந்தது. மகள் படிப்பைத் தொடர்ந்தாள். பிளெக்ஸை யாரும் மாற்றவில்லை, அது வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை அங்கேயே நின்றது.

விசாரணைக்குப் போகும் இளைய அலுவலர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆணையின் சொல்லை மடியில் கட்டிக்கொண்டு போங்கள், வாயில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அதற்கு ஆணையில் என்ன பெயர் என்பதை நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேச்சியம்மாள் கொழுந்தனோடு பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்தார். மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள், கல்யாணம் வைத்திருக்கிறோம் என்றார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இவ்வளவு தூரம் எதுக்கு? போன்ல சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லலாம் மேடம். கூப்பிட முடியாதுல்ல?"