கட்டுப்படியாகாத டீச்சர்

எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் அவளுக்குக் 'கான்ட் டீச்சர்' என்றுதான் பெயர். காரணம் ஒரே வார்த்தை: அஃபோர்ட். எந்த வகுப்பானாலும் முதல் வாரமே அதை எடுத்துவிடுவாள்.

"வாங்குறது பை. செலவு பண்றது ஸ்பெண்ட். அதுக்கெல்லாம் முன்னாடி நம்ம கை பர்ஸைத் தடவிப் பாக்குது பாருங்க, அங்கதான் அஃபோர்ட் இருக்கு. கட்டுப்படியாகுமா, ஆகாதா? கேனோ கான்ட்டோ அதுக்குத் துணையா வரும். நம்ம வீட்டுக்கு வர்றது கான்ட்தான்" என்பாள். வகுப்பே சிரிக்கும்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது சொந்த வாழ்க்கையில் நிஜமாக இருக்க வேண்டும். பொய் சொன்னவர் உண்மை வரும்வரை எழுந்து நிற்க வேண்டும்.

ஒருத்தன் வந்த புதிதில், "ஐ கேன் அஃபோர்ட் எ கார்" என்று அளந்தான். நிற்க வைத்தாள். கால் கடுத்த பிறகு, "ஐ கான்ட் அஃபோர்ட் திஸ் க்ளாஸ்" என்றான். மனுஷி அன்றைக்கே அவன் ஃபீஸைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ரசீது போட்டவள் நான்; வயிறு எரிந்தது.

அந்தப் புண்ணியவான்தான் பிற்பாடு நாலு காசு பார்த்து, சென்டரையே வாங்கினான்.

போன மாதம் டீச்சரின் வீட்டு வாடகை ஏறியது. சம்பளம் கூடினால் சமாளிக்கலாம்; இல்லையென்றால் தம்பி வீட்டு ஹாலில் ஒண்ட வேண்டியதுதான். தம்பி பெண்டாட்டியின் வாய் ஊரறிந்தது. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

அவன் புதுக் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க டீச்சர். வீ கான்ட் அஃபோர்ட் டு கீப் யூ" என்றான். சம்பள உயர்வு கேட்கப் போனவளுக்கு வேலையே போய்விட்டது. அதைத் தமிழில் சொல்ல அவனுக்கு நாக்கு கூசியதோ என்னவோ!

டீச்சர் அவனையே பார்த்தாள். "வாக்கியம் சரி. ஆனா பொய். எழுந்து நில்லு."

பழைய பழக்கம், பாதி எழுந்தே விட்டான். பிறகு அது யாருடைய நாற்காலி என்று ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டான். "அக்கா, இவங்க கணக்கை முடிச்சுக் குடுத்துருங்க" என்றான் என்னிடம்.

நன்றி கெட்ட ஜென்மம்!

டீச்சர் இப்போது தம்பி வீட்டு ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படுக்கிறாள். பார்க்கப் போனபோது, "நீயாவது அவனை ரெண்டு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?" என்றாள்.

கேட்டிருக்கலாம். இந்த வேலையை விட்டுவிட எனக்குக் கட்டுப்படியாகாது. இது நிஜ வாக்கியம். அதனால் நான் உட்கார்ந்தே ரசீது போடுகிறேன்.