வேதப்புத்தகத்துக்கு அயர்ன் போட்டவர்

சாரதாமணியின் கண்ணை ஏமாற்ற முடியாது என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அனுப்பர்பாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். டியூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து, கழுத்து, கை, அடிமடிப்பு என்று ஒரு பார்வை பார்ப்பாள். எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்த, தள்ளிவிடுவாள். சரியாக இருந்தால் பாஸ். அவ்வளவுதான் அவள் உலகம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கை பீஸைத் திருப்பிக்கொண்டே இருக்கும், மனசு மட்டும் அந்த வெள்ளைத் துணிமேல் ஏறி எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். அப்போது சூப்பர்வைசர் மைதிலி பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாது. அக்கா மறுபடியும் பரலோகம் போயிட்டாங்க என்று பக்கத்து மேசைப் பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பரலோகத்தை அவளுக்குக் காட்டியது ஒரு சின்னப் புத்தகம். பத்து வருடத்துக்கு முன்னால் நெஞ்சில் நீர் கோத்து அவள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி படித்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. நாற்பதே பக்கம். கிணறு வெட்டப் போனவன் ஒருவன் ஆண்டவரைக் கண்டுகொண்ட கதை. காய்ச்சலில் எழுத்துகள் மெல்ல அசைய அசைய, அவளும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கி, அடியில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். எழுதியவர் பெயர் டேனியல். இதே ஊரில்தான் இருக்கிறார் என்று பின்னால் தெரிந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

டேனியல் ஐயா திருநெல்வேலிப் பக்கமிருந்து வாத்தியாராக வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். நாற்பது புத்தகம் எழுதியிருக்கிறார். திருந்திய திருடன், ஊர் ஊராய்ப் போன மிஷனரி, கடவுள் எங்கே என்று கேட்பவனுக்கு வரிசையாய்ப் பதில், எல்லாம் உண்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்குவதற்குள் படித்துவிடலாம். நாற்பத்தொன்றாவது புத்தகம் சாரதாமணியின் சாட்சி, அவள் ஆண்டவரிடம் வந்த கதை. மூன்று சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். யாருக்கம்மா இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கும்! அவள் வெல்லம் தூக்கலாய்ப் போட்டு டீ வைத்துக் கொடுத்தாள்.

புத்தகம் அச்சாகி, முதல் பிரதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவள் போகிற சபையில் வெளியீடு. பேர் 'தீயில் வேகாத சாட்சி'. என்ன தீ, எங்கே வேகவில்லை என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஷிப்மென்ட் வாரம், தினமும் ஓவர்டைம். ஆற அமரப் படிக்கலாம் என்று அலமாரியில் வேதப்புத்தகத்துக்கு மேல் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் வெள்ளியங்கிரி, வாயைத் திறக்க யோசிக்கிற மனுஷன், கை கழுவிக்கொண்டே சொன்னார், "இந்த ஞாயித்துக்கெழம நானும் உள்ள வர்றேன். அந்த வெள்ளச் சட்டைய எடுத்து வெய்யி."

சாரதாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர் அவர். இந்தப் பத்து வருடமும் அவளைச் சபை வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே வந்ததில்லை, அவள் கூப்பிட்டதும் இல்லை. பெண்டாட்டி பேரில் புத்தகம் வருகிற பெருமையாக்கும் என்று நினைத்து, சட்டையை எடுத்து முகத்தில் ஒரு தரம் ஒற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கட்டிங் பீஸ் மூட்டைகள்மேல் சாய்ந்துகொண்டு புத்தகத்தைத் திறந்தாள். ஆறாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

அதில் அவள் புருஷன் குடிகாரன். மாதம் முழுக்கக் குடித்துவிட்டு வந்து அவளை அடிக்கிறவன். ஒரு நாள் வெறி தலைக்கேறி அவளுடைய வேதப்புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் வீசுகிறான். தீ எரிகிறது, புத்தகம் வேகவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் நெருப்பின் அடையாளம்! அதைக் கண்டு அவன் நடுங்கிப்போகிறான்.

வெள்ளியங்கிரி பீடிகூடப் பிடித்ததில்லை. அந்த அடையாளம் எப்படி வந்தது என்று சாரதாமணிக்கல்லவா தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், தான் இனிமேல் ஏசுவைத்தான் கும்பிடுவேன் என்று சொன்னாள். வெள்ளியங்கிரி எட்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் தானே கடைக்குப் போய், பெரிய எழுத்து வேதப்புத்தகம் ஒன்றை வாங்கி வந்து அவள் மடியில் வைத்தார். அதே வருடம் ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி அலமாரி முழுக்க நனைந்தது. புத்தகம் ஊறி உப்பிப்போய்க் கிடந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் ஒன்றும் பேசாமல், துண்டில் சுற்றித் தன் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் அயர்ன் மாஸ்டர். ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஸ்டீமை அடைத்துவிட்டு, இளஞ்சூட்டில், மேலே ஒரு மல் துணியைப் போட்டு, ஒவ்வொரு தாளாகத் தேய்த்தார். பதினோரு சாயங்காலம். சாரதாமணி ஒரு நாள் போய் வாசலில் நின்று பார்த்தாள். சன்னல் வழியே மஞ்சள் வெயில். ஈரத் தாளிலிருந்து மெல்லிசாய் ஆவி எழும்பி வெயிலுக்குள் போனது. அந்தப் பெரிய கூடத்தில் அவர் ஒருத்தர் மட்டும் குனிந்து நின்று, தாளைத் தூக்கி, ஊதி, அடுத்த தாளை விரித்தார். தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் செக்கிங் மேசையில் அவள் மனசு ஓடிப்போய் நிற்கிற இடம் அந்த வாசல்தான்.

நடுவில் ஒரு பக்கத்தில், என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று அவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நின்றுவிட்டார். அயர்ன் பெட்டியின் முனை பழுப்பாய்ப் பதிந்துவிட்டது. அந்தத் தழும்பைத்தான் டேனியல் ஐயா பார்த்து, இது என்னம்மா என்று கேட்டார். ஊட்டுக்காரரு வேலைங்க என்று வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பால் பொங்குகிறதென்று அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் வேறு கேள்விக்குப் போயிருந்தார். அவளும் சொல்லாமல் விட்டுவிட்டாள். தப்பில் பாதி தன்னுடையது என்று இப்போது மூட்டைமேல் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்து, இதையா கேட்க வேண்டும்? சேலைமேல் போட்டிருந்த கம்பெனிச் சட்டையின் பையிலிருந்து அவள் ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். பக்கம் பக்கமாக, பொய் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். பதினேழு.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் புத்தகத்தையும் வேதப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு டேனியல் ஐயா வீட்டுக்குப் போனாள். முன்னறையில் ஐந்நூறு பிரதியும் சணல் கட்டிக் கிடந்தது. அவள் தழும்புப் பக்கத்தை விரித்து நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சாகிவிட்டதே, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்களே என்றார். உங்கள் சாமி என்ன செய்தார் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டாமா என்றார். இருட்டு கொஞ்சம் கூடுதலாய் இருந்தால்தான் வெளிச்சம் கண்ணில் படும், அதற்காகத்தான் எழுதினேன் என்றார். அவர் கெட்டவரில்லை. தான் எழுதியதைத் தானே நம்பிவிடுகிற மனுஷன், அவ்வளவுதான்.

சாரதாமணி அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளில்லை. அன்றைக்குப் பேசினாள். "என்ர ஊட்டுக்காரரு கெட்டவரா இருந்தாத்தான் ஆண்டவரு நல்லவரா இருக்க முடியுமுங்களா, ஐயா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவளே தொடர்ந்தாள். "நா அந்தக் கெணறு வெட்டறவரு கதையப் படிச்சுத்தானுங்க பொழச்சேன். இப்ப அதும் நெசமான்னு மனசு கேக்குதுங்க. நா என்னங்க பண்றது?"

அவர் அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தார். ஓரத்துத் தாளைத் தடவிப் பார்த்தார், எல்லாம் சலவைத் துணி கணக்காய்ப் படிந்திருந்தது. "கெணத்துக் கதை சத்தியம்மா. அதுல நான் ஒரு சொல்லு கூட்டல. அப்போ எனக்குக் கூட்டத் தெரியாது" என்றார். பிறகு, "நீ போம்மா. நான் ஜெபம் பண்ணிப் பாக்கேன்" என்றார். என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி தானே தேய்த்த சட்டையோடு உள்ளே வந்து, கடைசிப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. டேனியல் ஐயா வெறுங்கையோடு மேடையேறினார். புத்தகம் இன்றைக்குக் கிடைக்காது என்றார். அதில் தப்பு இருக்கிறது, அந்தத் தப்பு எழுதின கையுடையது என்றார். ஒரு மனுஷரைப் பற்றிப் பொய் எழுதிவிட்டேன், அவர் இங்கேதான் இருக்கிறார், உங்கள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். பிறகு, மழையில் நனைந்த ஒரு வேதப்புத்தகத்துக்குப் பதினோரு நாள் அயர்ன் போட்ட கதையைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை.

"புஸ்தகம் ஆல்டருக்குப் போகுது" என்று முடித்துவிட்டு இறங்கினார். பனியன் ஊர் சபை, எல்லாருக்கும் புரிந்தது.

சபையே திரும்பிப் பார்த்தது. வெள்ளியங்கிரி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரதாமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கண்ணீருக்குள் சபையின் வெள்ளைச் சுவரெல்லாம் ஆவிபோல அசைந்தது.

திரும்பும்போது வண்டி மெதுவாகப் போனது. எதிர்க்காற்று வீசியது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்து அவள் பின்னால் மிதந்துகொண்டு வந்தாள்.

"நா அதப் போன வாரமே படிச்சுட்டேன் புள்ள" என்றார் வெள்ளியங்கிரி.

எப்போது என்று கேட்டாள். திங்கள், செவ்வாய், புதன், டீ டைமில் எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படித்தாராம். சாயங்காலம் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டாராம்.

"படிச்சுப்போட்டு அப்பறம் ஏனுங்க உள்ள வர்றேன்னீங்க?"

அவர் ஒரு வேகத்தடையை மெதுவாகத் தாண்டினார். "எல்லாரும் அதப் படிப்பாங்கல்ல. நா வராட்டி, பாவம் இந்தப் புள்ள இன்னும் அடி வாங்குதுன்னு உன்னயப் பாப்பாங்க. பக்கத்துல வந்து உக்காந்தா, மனுசன் திருந்திட்டான்னு உன்ர சாமிக்கு நல்ல பேரு. இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

சாரதாமணி அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை நனைந்தது. கொஞ்ச தூரம் போனபின் அவரே மறுபடி பேசினார்.

"வெள்ளிக்கெழம எடுத்துப் பாத்தா, பதினேழு எடத்துல அம்பு ஒட்டி வெச்சிருக்கற. எட்டு நாள் உன்கூடப் பேசாம இருந்தேன்னு போட்டிருக்கறாரே, அதுக்கு மட்டும் ஏன் ஒட்டல?"

"அது நெசந்தானுங்களே" என்றாள் சாரதாமணி. "அது பாஸுங்க."