காருக்குள் இருக்கும் மேப்

எங்கள் மின்சாரக் காரின் திரையில் வரும் மேப்புக்கு இலவசக் காலம் முடிந்தது. "போன்லயே வழி காட்டுது, இதுக்கு எதுக்கு தண்டம்?" என்று விட்டுவிட்டேன். மனைவியோடு அவள் அக்காவைப் பார்க்கத் திருவண்ணாமலை போய் ஒரகடம் திரும்பும்போது, போன் காட்டிய சார்ஜிங் நிலையம் பழுதாகிக் கிடந்தது. மிச்சமிருந்த சார்ஜ் தீர்ந்துவிடாமல் இருக்க, ஏசியை அணைத்துவிட்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். எனக்குக் கோபம். மனைவியோ என் நெற்றி வியர்வையைத் துடைத்து, "இன்னாங்க இப்போ, பேசிக்கினே போலாமே" என்றாள். பல மாதமாக வேறு வேறு ஷிப்டில் இருந்த நாங்கள் வாலாஜாபாத் வரை ஓயாமல் பேசினோம். அங்கே சார்ஜ் ஏறும்போதே மேப்புக்குப் பணம் கட்டினேன். வேலைக்குப் போய்வர அது தேவையில்லை. தூரப் பயணத்தில் எந்த நிலையம் வேலை செய்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்: இனி நான் மெதுவாக ஓட்டமாட்டேனாம்.